அடுக்குக்கூலி முந்நூற்றைம்பது

திருகோணமலை லிங்கநகரில் ஒரு பெண் சீலையை மோந்து பார்ப்பதற்கு முந்நூற்றைம்பது ரூபா எடுக்கிறாள் என்ற கதையை நான் முதலில் கேட்டது நிலாவெளி பஸ்ஸில். முன் சீற்றில் இரண்டு பெண்கள். அந்தப் பெண்ணிடம் போனில் சீலை வாங்கலாமாம். பிடிக்காவிட்டால் திருப்பியும் அனுப்பலாமாம். ஆனால் திருப்பி அனுப்பினால் சீலையை மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இழுத்த இழுப்புக்குக் காசைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்புவாளாம். "மூக்குக்கு வாடகை எடுக்கிறா," என்றாள் யன்னல் பக்கம் இருந்தவள்.

ஒரு கிழமைக்குள் அதே கதை மீன் சந்தையில் ஐந்நூறு ரூபாவாக வளர்ந்திருந்தது. அரச அலுவலகமான கச்சேரியின் வாசலில் கேட்டபோது, மோந்து பார்ப்பது அந்தப் பெண்ணே இல்லையாம், பொலிஸில் இருந்து ஓய்வுபெற்ற நாயாம். நாய் வந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. விலாசம் தேடிப் போனேன்.

நாய் இல்லை. ஒரு பூனை இருந்தது, அதற்கும் சீலையில் அக்கறை இல்லை. சுலோஜனா என்னைக் கதிரையில் இருத்தி, வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல் சொன்னாள்:

"மோந்து பாக்கிறது சும்மா, அண்ணை. அடுக்கிறதுக்குத்தான் காசு."

சுலோஜனாவுக்கு நாற்பத்துமூன்று வயது. பிறந்தது சல்லியில், வாழ்க்கைப்பட்டது லிங்கநகரில். கணவர் கதிரவேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலையில் பத்துத் தொன்னைத் தூக்குகிற மனிதர், வீட்டில் வாயைத் தூக்குவது குறைவு. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம், வீட்டில் காசு முட்டுப்பட்டபோது, உறை பிரிக்காமல் அலுமாரியில் கிடந்த தன் மூன்று சீலைகளைப் படம் எடுத்து முகநூலில் போட்டாள் சுலோஜனா. மூன்றும் அன்றைக்கே போய்விட்டன. பிறகு கொழும்பில் இருந்து பத்து எடுப்பித்தாள், பிறகு இருபது. 'சுலோ சீலைகள்' என்ற பக்கம் அப்படித்தான் பிறந்தது. கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு அலுமாரி, ஒரு போன், ஒரு இஸ்திரிப்பெட்டி.

சட்டம் பிறந்தது இரண்டாம் வருஷம். அதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பழக்கம். பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு உடுத்த சீலையை இங்கே அடுத்த கலியாணவீட்டுக்கு உடுக்க ஏலாது. படம் முகநூலில் கிடக்கும். "போன முறையும் இதுதானே" என்று லண்டனில் இருக்கிற பெரியம்மா கீழே எழுதுவா. ஆகையால் வெள்ளிக்கிழமை சீலை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை லேபலை பிளவுஸுக்குள் மடித்துவிட்டு உடுத்து, ஐந்நூறு படம் எடுத்து, செவ்வாய்க்கிழமை 'நிறம் பிடிக்கேல்லை' என்று திருப்பி அனுப்புகிற ஒரு வழியை ஊர் கண்டுபிடித்தது.

"உறையைக்கூடப் பிரிக்கேல்லை அக்கா எண்டு சொல்லுவினம்," என்றாள். "தோள்மூட்டில ஊசி குத்தின ஓட்டை ஆறு இருக்கும். கலியாண மண்டபமெண்டால் ஓமப்புகை. சாமத்தியவீடெண்டால் கேக்கும் ஸ்ப்ரேயும். செத்தவீட்டுக்கு உடுத்துப்போட்டு அனுப்பினவையும் இருக்கினம், அதைச் சொல்லக் கூடாது."

புல்மோட்டையில் இருந்து ஒருமுறை ஒரு நீலச் சீலை திரும்பி வந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை என்று அந்தப் பெண் போனில் நின்றாள். சுலோஜனா சீலையின் கீழ்க்கரையை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் உதறினாள். கறுப்பு மணல் கொட்டியது, புல்மோட்டைக் கடற்கரையின் இரும்பு கலந்த மணல். கதிரவேல் ஸ்பானர் போட்டுவைக்கிற ஆயுதப்பெட்டியில் கிடந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். மணல் எழும்பி நின்றது. அந்தப் படத்தை அனுப்பி, "உங்கட ஊர் மணல் என்ர ஊர்ச் சீலைக்குள்ள எப்பிடித் தங்கச்சி வந்தது?" என்று கேட்டாள். அந்தப் பெண் சீலையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். மூக்குக் கதை அங்கிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு பக்கத்தின் உச்சியில் சட்டம் ஏறியது. உடுத்த சீலை எடுக்கப்படாது. உடுக்காத சீலையை ஏழு நாளுக்குள் திருப்பலாம், அடுக்குக்கூலி முந்நூற்றைம்பது கழிக்கப்படும். அந்தக் கூலிக்கு என்ன வேலை என்று கேட்டேன். திரும்பி வந்திருந்த ஒரு சீலையை விரித்தாள். கசங்கல் எடுக்க இஸ்திரி, உள்ளே மெல்லிய தாள், முந்தானை முகத்துக்கு வரும்படி எட்டு மடிப்பு, புது உறை. என் கேள்விக்குப் பதில் முடிய நாற்பது நிமிஷம் போயிற்று. சீலை மேசையில் கிடந்த விதம், தொடவே மனம் வராது.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் எழும்பும்போது மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டேன்.

"லிங்கநகரிலயே வேற ஒரு பிள்ளையும் சீலை விக்கிறாவாம், என்ன?"

சுலோஜனா திரும்ப இருந்தாள். எனக்கும் இரண்டாவது தேத்தண்ணி வந்தது.

வேற ஒரு பிள்ளை என்பது தேனுகா. கதிரவேலின் கடைசித் தங்கச்சி, சுலோஜனாவுக்கு மச்சாள், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. இந்த வியாபாரத்தை இதே கதிரையில் இருந்து மூன்று மாதம் பார்த்துப் பழகியவள். பிறகு ஒரு நாள் 'தேனு கலெக்ஷன்' என்று தானும் திறந்தாள். திறந்த அன்றே எழுதினாள்: 'பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் உறவுகளே. ஒரு சதமும் கழிக்கமாட்டோம்.'

"எனக்குப் பொறாமையெண்டு நினைக்காதேங்கோ," என்று தொடங்கினாள் சுலோஜனா. அப்படித் தொடங்கினால் அரை மணித்தியாலம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தேனுகாவிடம் வட்ட லைட் இருக்கிறது. சுலோஜனாவிடம் குசினி பல்ப். தேனுகா சீலையைத் தன் மேலேயே உடுத்துக் காட்டுகிறாள், அது அவளுக்குப் பொருந்துகிறது, எந்த நிறமும் பொருந்துகிறது, மஞ்சள்கூட. மஞ்சள் ஆருக்கும் பொருந்தாது, அண்ணை, அது சட்டம். அவள் 'உறவுகளே' என்று ஒரு இழுவை இழுத்தால் இருதயம் இருதயமாகப் பறக்கிறது. பின்னால் மாட்டியிருக்கிற திரைச்சீலை சுலோஜனா கலியாணத்துக்குக் கொடுத்தது. அதற்கும் யாரோ 'திரை சுப்பர்' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு தேனுகா லைவ் வருவாள். சுலோஜனா குசினிக்குள் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பாள். 'உவர்மலை மல்லிகை' என்று ஒரு பொய்க்கணக்குத் திறந்திருந்தாள். அதில் இருந்து "கலர் போகுமா?", "இது பழைய டிசைன்தானே?" என்று கேட்பாள். தேனுகா சிரித்துக்கொண்டு, "வாங்கோ மல்லிகை உறவே, நேற்றும் வந்தனீங்கள்," என்பாள். அந்த அன்பு இன்னும் கொதிப்பைக் கிளப்பும். இரண்டு தரம் பிட்டு அடிப்பிடித்தது. கதிரவேல் அதையும் தின்றார்.

காலையில் விசாரணை வேறு. கூரியர்க்காரர் முனாப், கிண்ணியாக்காரர், ஐம்பது வயது, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பை. இரண்டு வீட்டுப் பார்சலும் அவர்தான் எடுப்பது. அண்ணன் முறையில் சுலோஜனா அவரை 'நானா' என்பாள்.

"நானா, இந்தக் கிழமை அங்கால எத்தினை?"

"பத்தொம்பது, தங்கச்சி."

"இஞ்ச?"

"இஞ்ச நீங்கதானே தந்தீங்க. நாலு."

முனாப்பை நான் பிறகு கிண்ணியாப் பாலத்தடியில் பிடித்தேன். "அந்த வீட்டுத் தேத்தண்ணி நல்லது," என்றார். "அங்கால பத்துக்குக் கீழ எண்டா பிஸ்கட்டும் வரும். பத்தைத் தாண்டினா வெறுந்தேத்தண்ணி. பதினைஞ்சைத் தாண்டினா கேட்டடியிலயே பார்சலத் தந்து அனுப்பிருவாங்க. நான் என்னத்தச் செய்ய, பொய் சொல்ல ஏலாதே."

பொறாமை மட்டும் என்றால் அதை வைத்து ஒரு மனிசி எண்பது வயது வரை வாழலாம். பிரச்சினை அலுமாரியில் இருந்தது. தீபாவளிக்கென்று சுலோஜனா சீட்டுக்காசை முழுதாகப் போட்டு அறுபது சீலை எடுத்திருந்தாள். ஒரு மாதமாக அதில் ஒன்பதுதான் போயிருந்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான்: "உங்கட மச்சாள் சும்மா திருப்பி எடுக்கிறா. நீங்கள் ஏன் அக்கா காசு கழிக்கிறியள்?"

கதிரவேல் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சுலோ, அந்தச் சட்டத்தைத் தூக்கிவிடு. முந்நூற்றைம்பதுக்குப் பாத்து அறுபதையும் வைச்சிருக்கப் போறியோ?"

"தூக்கினால் அவ வெண்டமாதிரி."

"அவ என்ர தங்கச்சி. வெண்டால் என்ன?"

சுலோஜனா தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். ஆனால் தனக்குத் தானே ஒரு தவணை வைத்தாள். மாதக் கடைசிக்குள் அலுமாரி பாதியாவது குறையாவிட்டால் அடுக்குக்கூலியைத் தூக்குவது. தூக்கினால் தன் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு விலையும் இல்லை என்று தானே கையெழுத்து வைப்பதாகிவிடும். அதுதான் அவளுக்குச் சுட்டது.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் செய்ததை, என்னிடம் சொல்லும்போதுகூட வெட்கப்படவில்லை.

"அவவிட்ட ஒரு சீலை எடுத்தனான். திருப்பி அனுப்பிறதுக்கெண்டே எடுத்தனான்."

உவர்மலை மல்லிகையின் பெயரில் ஓடர். விலாசம் தம்பலகாமத்தில் இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதி கோணேஸ்வரியின் வீடு. கூரியர் காசு போகவர தேனுகாவின் தலையில். ஒன்று, பிறகு இரண்டு, பிறகு வேறு பெயரில் ஐந்து, அந்த 'ஒரு சதமும் கழிக்கமாட்டோம்' என்ற வாய் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற திட்டம். பார்சல் ஒரு நாள் பிந்தித்தான் வந்தது, கண்டி றோட்டில் யானை நின்றதாம். சுலோஜனா பஸ் ஏறிப் போய், கோணேஸ்வரி வீட்டு விறாந்தையிலேயே பிரித்தாள். மாம்பழ நிறம், மெரூன் கரை.

பிரித்த உடனேயே மூக்கு வேலை செய்தது. கேக். ஸ்ப்ரே. தோள்மூட்டில் ஊசி ஓட்டை நாலு. மூன்றாவது மடிப்புக்குள் ஒரு மெரூன் ஒட்டுப்பொட்டு, யாரோ நெற்றியில் இருந்து எடுத்து அவசரத்தில் ஒட்டிவிட்டு மறந்தது.

"கோணேசு," என்றாள் சிநேகிதியிடம், "உடுத்துத் திரும்பி வந்த சீலையைப் புதுசெண்டு விக்கிறா."

கோணேஸ்வரி பிறகு என்னிடம் சொன்னாள், அன்றைக்கு சுலோவின் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுடைய கலியாணப் படத்தில்கூட இல்லையாம்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்கு லைவ். சுலோஜனா பிட்டு வைக்கவில்லை, கடைப் பாண் வாங்கிவைத்துவிட்டாள். தேனுகா பச்சைச் சீலையில் சுழன்றுகொண்டு நிற்கும்போது உவர்மலை மல்லிகை பொட்டின் படத்தைப் போட்டு எழுதினாள்: 'உங்களிட்ட வாங்கின புதுச் சீலைக்குள்ள இந்தப் பொட்டு இருந்தது. இது ஆற்ற பொட்டு?'

தேனுகா கொமென்டைச் சத்தமாக வாசித்தாள். 'ஆற்ற' என்ற இடத்தில் ஒரு செக்கன் நின்றாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, மல்லிகை உறவுக்குத்தான் கிடைச்சிருக்கு. உறவுகளே, இந்த மாதம் சில சீலையளுக்குள்ள நாங்கள் ஒரு பொட்டு ஒளிச்சு வைச்சிருக்கிறம். கரைக்கு மச்சிங். கிடைச்ச அதிஷ்டசாலி மல்லிகைக்கு எல்லாரும் ஒரு இருதயம் போடுங்கோ."

இருநூற்றுப் பதினெட்டு இருதயம். சுலோஜனா எண்ணினாள். அடுத்த நாள் காலையில் அவளுடைய சொந்தப் பக்கத்தில் முதல் செய்தி: 'அக்கா, உங்கட சீலைக்குப் பொட்டு வருமோ?'

முனாப்புக்கு அன்றைக்குத் தேத்தண்ணியே இல்லை.

சுலோஜனா தம்பலகாமத்துக்குத் திரும்பப் போனாள். சீலையை எடுத்து, பொட்டைத் தாளில் சுற்றி உள்ளே வைத்து, கோணேஸ்வரி வீட்டு இஸ்திரிப்பெட்டியை வாங்கி, கசங்கல் எடுத்து, மெல்லிய தாள் வைத்து, முந்தானை முகத்துக்கு வரும்படி எட்டாக மடித்தாள். ஏன் என்று கேட்டேன். "கை சும்மா இருக்காது," என்றாள். அவ்வளவு ஆத்திரத்திலும் சீலையைச் சுருட்டி எறிய அந்தக் கைக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை பார்சல் புறப்பட்டது.

தேனுகா சனிக்கிழமை வந்தாள். லைவுக்கு வருகிற தேனுகா இல்லை. வீட்டுச் சட்டை, கொண்டை, கையில் அந்த மாம்பழச் சீலை. கதிரவேல் விறாந்தையில் இருந்து தங்கச்சியின் முகத்தையும் மனிசியின் முகத்தையும் பார்த்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்விட்டார். கிரேன் ஓட்டுகிறவருக்கு எதன் கீழே நிற்கக் கூடாது என்று தெரியும்.

"அண்ணி, மல்லிகை நீங்கள்தானே?"

"என்ன மல்லிகை?"

"ஒரு சீலை திரும்பி வந்தால் பொட்டணி மாதிரி வரும். சுருட்டிக் கட்டி, லேபலைப் பிச்சு, சிலது ஈரமாயும் வரும். நாலு மாசத்தில இப்பிடி மடிச்சு ஒண்டு வந்தது இதுதான். இந்தத் திருகோணமலையில எட்டு மடிப்பு மடிக்கிற ஆள் ஒராள். எனக்குப் பழக்கினதும் அவதான், எனக்கு வரேல்ல."

சுலோஜனா மல்லிகையை விட்டுவிட்டாள். "உடுத்த சீலையை வித்தனி," என்றாள்.

"ஓம்."

அந்த 'ஓம்' இவ்வளவு லேசாக வரும் என்று சுலோஜனா எதிர்பார்க்கவில்லை. தேனுகா கதிரையில் இருந்தாள்.

"என்ன செய்ய, அண்ணி? பத்தொம்பது போனால் பதினொண்டு திரும்பி வருது. ஒரு அறை முழுக்கக் கிடக்கு. மடிக்க ஏலாது, விக்க ஏலாது. கொழும்புக்காரனுக்குக் காசு குடுக்கவேணும். எது உடுத்தது, எது உடுக்காதது எண்டு பாக்க எனக்கு உங்கட மூக்கும் இல்லை." சீலையை மடியில் வைத்தாள். "உங்களைப் பாத்தால் எனக்கு எரியும், அண்ணி. நாலு அனுப்புவியள், நாலும் நிண்டுவிடும். உங்களுக்கு ஆக்கள் பயப்பிடினம். எனக்கு இருதயம் மட்டும் போடினம்."

மறுநாள் காலையில் சுலோஜனா முனாப்பை மறித்தாள்.

"நானா, அங்க பதினொண்டு திரும்பி வாறது உங்களுக்குத் தெரியுமோ?"

"நான்தானே கொண்டுபோய்க் குடுக்கிற."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்க போறதைத்தானே தங்கச்சி கேட்டீங்க. வாறதைக் கேக்கலியே."

நாலு மாதம் அவள் பொறாமைப்பட்டது போகிற பார்சல் கிடந்த ஒரு பக்கத்துப் பைக்கு மட்டும். பத்தொம்பதில் பதினொன்றைக் கழித்தால் எட்டு. எட்டும் நாலைவிடக் கூடத்தான், அது அவளுக்கு இன்னும் உறுத்துகிறது, அதையும் மறைக்காமல் சொன்னாள்.

சட்டம் தூக்கப்படவில்லை. தூக்கியிருந்தால் அந்த அறை முழுக்கச் சீலை தன் வீட்டுக்கும் வந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தேனுகாவும் அதே ஞாயிற்றுக்கிழமை அடுக்குக்கூலி போட்டாள். முந்நூற்றைம்பது. சுலோஜனாவின் பக்கத்தில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்து, முன்னால் ஒரு 'உறவுகளே' மட்டும் சேர்த்திருந்தாள். சுலோஜனாவின் சட்டத்துக்கு மூன்று வருஷத்தில் ஏழு லைக். தேனுகாவின் சட்டத்துக்கு ஒரு பின்னேரத்தில் நானூறு. "நேர்மையான வியாபாரம்" என்று எழுதியிருந்தார்கள். சுலோஜனா அதை எனக்குப் போனில் காட்டினாள்.

ஆனால் இருவரும் இப்போது பேசுகிறார்கள். தேனுகாவின் அறையில் கிடந்தவற்றை சுலோஜனா தரம் பிரித்துக்கொடுத்தாள். உடுத்தவை உடுத்தவை என்று சொல்லி அரை விலைக்குப் போயின. சுலோஜனாவின் அறுபதில் இருபத்தாறை தேனுகா தன் மேல் உடுத்துக் காட்டி விற்றாள். மஞ்சளும் போயிற்று.

மிச்சம் ஒன்றுதான். அந்த மாம்பழச் சீலைக்கு மல்லிகை கட்டின முழுக்காசையும் தேனுகா திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு முந்நூற்றைம்பது கேட்கிறாள். திருப்பின சீலைக்கு அடுக்குக்கூலி உண்டு, அண்ணிக்கு வேறு சட்டம், ஊருக்கு வேறு சட்டம் வைக்க ஏலாது என்கிறாள். சுலோஜனாவின் பக்கம் வேறு.

"நான் திருப்பினது வியாழன், அவ சட்டம் போட்டது ஞாயிறு. அதை விடுங்கோ. அந்தச் சீலையை இஸ்திரி பிடிச்சது நான், மடிச்சது நான். அவ உறைக்குள்ள வைச்சது மட்டும்தான். அடுக்குக்கூலி ஆருக்கு வரவேணும், அண்ணை? எனக்கு. அவதான் தரவேணும்."

தேனுகாவிடம் இதைச் சொன்னேன். "உடுத்த சீலையை மடிக்கச் சொல்லி ஆர் கேட்டது?" என்றாள்.

கதிரவேலிடம் கேட்டேன். தனக்கு நேரமாகிறது என்றார். போன கிழமை முனாப் தன் பையில் இருந்து முந்நூற்றைம்பது எடுத்து, "இந்தாங்க, ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்று நீட்டியிருக்கிறார். இரண்டு வீட்டிலும் வாங்கவில்லை. சண்டை காசுக்காக இல்லையாம்.